எடுக்காத எலும்பு

நர்சுப் பிள்ளைகளே, போன மாதம் உங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு என்னை அழைத்துப்போய், முதுகெலும்பு அறுவைக்கான தட்டைத் திறந்து காட்டினீர்கள். கம்பி, கொக்கி, திருகாணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொன்னீர்கள். பாதிப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. கருவிகளின் பெயரை ஒரு கெட்டிக்காரப் பெண் ஒரே மழைக்காலத்தில் கற்றுக்கொண்டுவிடுவாள். அதைச் சொல்லித்தர ஓய்வுபெற்ற கிழவி தேவையில்லை.

நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்சாக இருந்தேன். அந்தக் கட்டடம் இன்று இல்லை. முதுகெலும்புக்குள் இரும்பு வைப்பது என்பதெல்லாம் நாங்கள் அப்போது கேள்விப்பட்டதோடு சரி. பம்ப் ஸ்டவ்வில் கொதிக்கவைத்த உளிகள், ஒரு சுத்தி, ஒரு கைரம்பம், எலும்பு வெட்டும் இடுக்கி, இவ்வளவுதான் எங்கள் தட்டு. முதுகெலும்பு அரித்துப்போனவர்களுக்கு எலும்பையே வைத்து எலும்பைச் சேர்ப்போம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே கெட்டியாக ஒரு எலும்பு ஓடும். அதிலிருந்து ஒரு பட்டை செதுக்கி எடுத்து, முதுகில் பிளந்து வைத்த இடத்தில் படுக்கவைத்துத் தைப்போம். அது ஒட்டினால் மனிதன் நிமிர்ந்து உட்காருவான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு தடவை எலும்பு கட்டும் கம்பி தீர்ந்துபோயிற்று. யாரோ பட்டாளத்துச் சரக்கு என்று பட்டணத்திலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்துக் கட்டிய நோயாளிக்குச் சில வாரத்தில் காயம் வாய் திறந்தது. திரும்பப் பிரித்தபோது கம்பி கறுத்து, தொட்ட இடத்தில் ஒடிந்தது. அன்றிலிருந்து எங்கள் சர்ஜன், உடம்புக்குள் வைக்கிற எதுவாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கையில் வாங்க மாட்டார். கம்பிக்கு அப்படிக் கேட்பது சுலபம். எலும்புக்குக் கேட்டபோது என்ன ஆயிற்று என்பதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். இது அந்த யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது.

கெடார் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் கோதண்டம். எட்டு ஒன்பது வயது இருக்கும். நல்ல நிலபுலம் உள்ள குடும்பத்தின் ஒரே ஆண்பிள்ளை. முதுகெலும்பில் காசநோய். முதுகில் கூன் விழுந்து, கால்கள் பின்னிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. விழுப்புரம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தார்கள். திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவனைப் பலகையோடு தலைமேல் தூக்கிவந்தவர் அவர்கள் பண்ணையில் வேலை செய்த ஆள். அவர் பெயர் கன்னியப்பன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல கட்டுமஸ்தான உடம்பு.

பையனை மாவுக்கட்டுத் தொட்டிலில் மாதக்கணக்கில் படுக்கவைத்திருந்தோம். கன்னியப்பன் வாரம் தவறாமல் ஊரிலிருந்து அரிசியும் நெய்யும் சுமந்துவருவார். வார்டுக்குள் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று, வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், உரித்துக் கம்பி வழியாகப் பையன் கையில் போடுவார். யார் பார்த்தாலும் கையை இழுத்துக்கொள்வார். பையனின் அப்பா வந்திருக்கும் நாளில் மல்லாட்டையும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. வேப்பமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்.

பையன் தேறவில்லை. கால்கள் மேலும் மரத்துக்கொண்டே போயின. இனி அறுவைதான் என்று சர்ஜன் முடிவு செய்தார். ஆனால் பையனின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது அந்த எலும்பு. வெளிநாட்டில் சிலர் நெருங்கிய சொந்தத்தின் எலும்பை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கெட்டியான எலும்பு கிடைத்தால் வாய்ப்பு அதிகம் என்றார். அப்பாவுக்கு நீரிழிவு. காலில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது, அவரைத் தொட முடியாது. அம்மா நிறைமாதம். சித்தப்பாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் அப்பா கன்னியப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சொந்தம்தான் வேண்டுமா, வேற்றாள் ஆகாதா என்று அவர் சர்ஜனிடம் கேட்டார். சொந்தம் என்றால் நல்லது, ஆரோக்கியமான யாரானாலும் முயன்று பார்க்கலாம் என்று சர்ஜன் சொன்னார். ஆளும் சம்மதித்துத்தானே வந்திருக்கிறான் என்று எண்ணிவிட்டார். அப்பா குரலைத் தாழ்த்தி, இது ஊரில் தெரியக்கூடாது, பையனின் அம்மாவுக்குக்கூட, என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. கன்னியப்பன் தொட்ட செம்பில் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

அறுவை நாளன்று காலையில் கன்னியப்பனின் காலைக் கழுவி, மயிர் மழித்து, மருந்து தடவித் தயார் செய்வது என் வேலை. அவர் பெஞ்சின் விளிம்பில் பயந்து பயந்து உட்கார்ந்தார். நான் அவர் காலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் அப்பாவும் ஒரு பண்ணையில் ஏர் ஓட்டியவர்தான் என்று சொன்னபிறகு காலைக் கொடுத்தார்.

பாதி மழித்திருப்பேன். இன்னைக்கே ஊருக்குப் போய்விடலாமா, சேற்றில் ஏர் ஓட்ட வேண்டிய வேலை கிடக்கிறது என்று கேட்டார். எனக்குக் கை நின்றுவிட்டது. உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் தெரியுமா என்றேன். எலும்பு கொஞ்சம் எடுத்துப் பையனுக்கு வைப்பார்களாம், ஆண்டை சொன்னார் என்றார். எத்தனை நாள் காலை ஊன்றக்கூடாது, மாவுக்கட்டோடு எத்தனை மாதம் கிடக்க வேண்டும், அவசரப்பட்டு ஊன்றினால் எடுத்த இடத்திலேயே கால் ஒடியும், சீழ் வைத்தால் காலே போகும், இதில் எதுவும் அவருக்குத் தெரியாது. எடுத்த எலும்பு திரும்ப முளைக்குமா என்று என்னைக் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

"என்னையா கேக்குறீங்க?"

"உங்களைத்தான்."

"ஊடு அவரு நெலத்துல கீது. பொண்டாட்டி புள்ளைங்க அங்க கீதுங்க. வேணான்னு சொல்லிட்டு நான் எங்கம்மா போறது?" அதோடு சேர்த்து அவரே சொன்னார்: "ஆனா கோதண்டம் எழுந்து நடந்தா சரி. அத்த நான்தான் தோள்ல தூக்கிக்கினு திரிஞ்சேன். அந்தப் புள்ளைக்குக் குடுக்கமாட்டேன்னு இல்லீங்க."

இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தன. இரண்டும் உண்மை. இதில் எதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது?

உள்ளே பையனை மேசையில் கிடத்தியாயிற்று. உளிகள் ஆறிக்கொண்டிருந்தன. மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பவர் முகமூடியோடு தயாராக இருந்தார். சர்ஜன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய், கன்னியப்பன் சொன்ன இரண்டையும் சொன்னேன், ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லவில்லை. அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"சம்மதம்னும் சொன்னாரா?"

"சொன்னாருங்க. மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னும் சொன்னாருங்க."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத ஆளிடம் சரி என்று வாங்குவதில் அர்த்தமில்லை என்றார் அவர். என்னிடம்கூட இல்லை, வாளித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

இதுவரை நாங்கள் செய்ததில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. அடுத்த நிமிடத்தைக் கவனியுங்கள். பிள்ளைகளே, இந்தக் கதையை உங்களிடம் சொல்வதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

சர்ஜன் நேர்மையான மனிதர். பொய் அவர் வாயில் வராது. ஈரக்கையை உயர்த்திப் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தார். அங்கே பையனின் அப்பா நின்றிருந்தார். நான் கூட்டிவந்த கன்னியப்பனும் ஒரு கால் மழித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். எல்லார் எதிரிலும் சர்ஜன் சொன்னார்:

"இவரால வேண்டாம்னு சொல்ல முடியாத நிலை. அதனால இவர் எலும்பை நான் எடுக்க மாட்டேன்."

எவ்வளவு சரியான வார்த்தை. ஆனால் அந்த அப்பா காதில் அது அப்படி விழவில்லை. அவர் சர்ஜனைப் பார்க்கவே இல்லை. மெதுவாகத் திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தார்.

"உள்ள போயி என்னடா சொன்னே?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க ஆண்டை."

"சொல்லாமலா வந்து சொல்றாரு டாக்டரு?"

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்து, அவர் மறுக்கவில்லை, கேட்டது நான்தான், முடிவு டாக்டருடையது என்று சொன்னேன். பயனில்லை. வராந்தாவில் ஏற்கனவே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. பையனைக் காப்பாற்ற ஒரு துண்டு எலும்பு கேட்டதற்கு, சோறு போட்டு வளர்த்த ஆள் உள்ளே போய் மறுத்துவிட்டான். அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார், அப்படித்தான் ஊருக்கும் கொண்டுபோனார்.

பையன் மேசையில் காத்திருந்தான். சர்ஜன் அவனுடைய காலிலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தார். மிகச் சின்ன உளியைக் கேட்டார். சுத்தியால் தட்டவே பயந்து, கையாலேயே அழுத்தி அழுத்தி எடுத்தார். பட்டையாக வர வேண்டியது இரண்டு சிம்புகளாக வந்தது. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். அதைத்தான் முதுகில் வைத்துத் தைத்தோம். ஈதர் கொடுத்தவர்கூட அன்று பாட்டு முணுமுணுக்கவில்லை.

முதல் சில வாரம் நம்பிக்கையாக இருந்தது. பிறகு காய்ச்சல் ஏறியது. முதுகில் காயம் திறந்து சீழ் வடிந்தது. பென்சிலின் என்ற பேரே நாங்கள் கேள்விப்படாத காலம். கால்கள் முழுக்கப் போயின. பிறகு படுக்கைப்புண் வந்தது. அந்த வாடையை மறைக்க எவ்வளவு பினாயில் ஊற்றியும் முடியவில்லை. பையன் நன்றாகப் பேசுவான். தினமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கன்னியப்பன் ஏன் வரவில்லை என்று கேட்பான். அரிசி நெய் கொண்டுவர வேறு ஆள் வந்துகொண்டிருந்தான். ஊரில் வேலை இருக்கும் என்று சொல்லி வைத்தேன். ஒரு நாள் அவன் அப்பாவிடமே கேட்டான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தை பிறப்பதற்குள் கோதண்டம் இறந்துபோனான். அம்மா வந்திருந்தாள், கையில் பிறந்து சில மாதமான பெண்குழந்தை. துணி மாற்ற வேண்டும், சுடுதண்ணீர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அவனைக் குளிப்பாட்டினோம். முதுகுப் பக்கம் நானே துடைத்துக்கொள்கிறேன், நீங்கள் தலைப்பக்கம் இருங்கள் என்றேன். அவள் சரி என்றாள்.

அப்பா உடம்பை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்:

"நீ உங்க ஆளுக்காகப் பேசினேம்மா. என் புள்ளைக்காக யாரும் பேசல."

அவர் மகனை இழந்து நின்ற மனிதர். வண்டி கிளம்ப வழிவிட்டு நின்றேன். ஆனால் அது உண்மைதானா என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பையனின் சித்தப்பா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன். ஆனால் அவர் பின்னால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, ஊரிலிருந்து வராமலே இருந்துவிட்டார். அந்த வசதி யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது என்றால், நான் வளர்ந்த இடம் அதற்குக் காரணம்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கொஞ்ச நாளில் கெடாரிலிருந்து காய்ச்சலுக்கு வந்த ஒரு அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. கன்னியப்பனை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுற்றுவட்டத்தில் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. எஜமான் வீட்டுப் பிள்ளையைச் சாகவிட்டவன் என்று பேராகிவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதை நான் சர்ஜனிடம் சொன்னேன். அவர் அப்போது உளிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார். சொல்லி முடித்தபின் வெகு நேரம் ஒரே உளியைத் துடைத்தார்.

"சிஸ்டர், நான் அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இந்த எலும்பு சேராது. அவ்வளவுதான். பழி என் படிப்பு மேல விழுந்திருக்கும். அவர் தலையில விழுந்திருக்காது."

அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்போ ரத்தமோ கொடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்துக் கேட்போம். கூட வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கதவுக்கு வெளியேதான். மாமியார் கூட்டிவந்த மருமகள்கள் இருந்தார்கள், அண்ணன் கூட்டிவந்த தம்பிகள் இருந்தார்கள். சிலர் மனதாரக் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தியதும் அழுதார்கள். அழுதவர்களிடம் வேறெதுவும் கேட்பதில்லை. சர்ஜன் அவர்கள் காலைத் தட்டிப் பார்ப்பார், விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார், பிறகு வெளியே வந்து, இந்த எலும்பு சேராது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எவ்வளவு துருவிக் கேட்டாலும் அதற்குமேல் ஒரு சொல் வராது. பொய் வராத அந்த வாய் அதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டது.

மறுப்பதற்கு ஒரு விலை உண்டு என்றால், அதைக் கொடுக்க முடிந்தவர் கொடுக்க வேண்டும். பழி நம்மேல் விழுந்தால், கூட வந்தவர்கள் டாக்டரைத் திட்டிவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நர்சைப் பற்றிப் புகார் சொல்வார்கள். நமக்குச் சம்பளம் நிற்காது, வீடு போகாது. கன்னியப்பன் போன்றவர்களின் பேரை நம் நியாயத்துக்குச் சாட்சியாக நாலு பேர் எதிரில் இழுக்கக்கூடாது. உங்கள் தட்டில் இப்போது எல்லாம் இரும்பு, யாருடைய காலும் வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் கொடுக்க வருகிறார்கள், ரத்தம் கொடுக்க வருகிறார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, என் தங்கையைப் பார்க்கத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் போய்விட்டு, விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி தாமதமாகிக்கொண்டே இருந்தது. கரி சுமக்கிற ஆட்கள் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நின்று என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கரி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே, "நர்ஸம்மா, நான் கன்னியப்பன்" என்றார்.

குடும்பமெல்லாம் இங்கேதான், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கிறோம், பெண்டாட்டியும் கூலிக்குப் போகிறாள் என்றார். சின்னப்பிள்ளை ஒன்று அம்மை கண்டு போய்விட்டதாம். ஊரைப் பற்றியோ பண்ணையைப் பற்றியோ ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார். எதையோ கேட்கத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

"அம்மா, என்னுது எடுத்து வெச்சிருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்குமா?"

இத்தனை வருடம் அவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியாது. சர்ஜனுக்கும் தெரியாது. கெட்டியான எலும்பு, நல்ல ரத்தம். ஒட்டியிருக்கலாம். கரைந்துபோயிருக்கலாம். நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"இல்ல. உங்க எலும்பு அவனுக்குச் சேராது. டாக்டர் அன்னைக்கே பார்த்துட்டார்."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் தலையை ஆட்டினார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கரி இன்னும் அப்பிக்கொண்டது. மேஸ்திரி தூரத்திலிருந்து ஜல்தி என்று கத்தினார். கன்னியப்பன் கூடையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வர்றேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.